பதினைந்து நாளில் மாறிய பதில்

பெங்களூரு மல்லேஸ்வரத்து ஜெராக்ஸ் கடையில் இன்று காலை மெஷினிலிருந்து வந்த தாள்களை வாங்கினேன். சூடு ஆறவில்லை. சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியதும், நீ தோளோடு தோளாக நிற்பதுபோலவே இருந்தது. பைத்தியம்போலத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

அப்போது நாம் இருவரும் வீடுவீடாகப் போய், சின்ன வயதில் பட்ட துன்பங்களைப் பற்றிக் கேள்வித்தாள் நிரப்பி வந்தோம். பதினைந்து நாள் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்போம். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் கேள்வித்தாளை நம்பலாமாம். மற்றவர்களிடம் போகுமுன் நாமே இரண்டு முறை நிரப்ப வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். உன் தாள்களைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

'வீட்டில் உங்களை அடித்தார்களா?' முதல் தாளில், 'ஒருபோதும் இல்லை.' இரண்டாவதில், 'அடிக்கடி.'

மர்பி டவுனில் உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். தூறலில் தெரு முழுக்கப் புகையாகக் கரைந்திருந்தது. ஆட்டோக்கள்கூடச் சத்தமில்லாமல் மிதந்து போயின.

"ஏய், ரெண்டாவதுல தப்பா டிக் பண்ணிட்டியா? மாத்திடு. இல்லேன்னா சார் கத்துவாரு," என்றேன். அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் உன் அம்மா இறந்து, காரியமும் முடிந்திருந்தது. நானே வந்திருந்தேன். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை, பார்!

"சும்னிரு," என்று கன்னடத்தில் அடக்கினாய். பிறகு மெல்ல, "மொத தடவ எழுதுனப்போ அம்மா இருந்தாங்கடி. காட்டிக் குடுக்க மனசு வரல. இனிமே யாருக்காக மறைக்கறது? நீயாவது நம்புறியா?"

"நம்புறேன். ஆனா ஒத்துப்போகலையே..." என்று இழுத்தேன். நீ சிரித்துக்கொண்டே தாளை மடித்தாய். அந்தச் சிரிப்பு இன்றும் என்னைச் சுடுகிறது.

அதே வேலையில்தான் இருக்கிறேன். பதில் மாறினால் யாரையும் திருத்தச் சொல்வதில்லை. பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னால் வந்த பழக்கம்.

ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அப்போது நானும்தான் இரண்டு தாள் நிரப்பினேன். இரண்டிலும் 'ஒருபோதும் இல்லை.' அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறதென்று சார் எல்லோர் முன்னாலும் மெச்சினார்; நீ கைதட்டினாய்.

இரண்டுமே பொய். என் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார்.