உன் ஆளும் என் ஆளும்

மச்சான்,

உன் வீட்டுக்காரி எஸ்தர் உன் பாட்டுத் தாள்களை என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பைப் அறுத்த தூள் படிந்த மேஜையில் அந்தப் பழைய காக்கி உறையைப் பிரித்தேன். முதல் தாளிலேயே உன் சிவப்புப் பென்சில்: "நில்லு மச்சான். உனக்கும் வரும்."

அப்போது நீ கர்த்தரிடம் போய் எட்டு மாதம். நீ இல்லாத கொயருக்கு நானும் போகவில்லை; பேஸ் என்கிற கட்டைக் குரலுக்கு அங்கே ஆள் இல்லாமல் போய்விட்டது. "நீங்க வந்து நின்னா பாடுவோம் அண்ணே. இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு டிராக் போட்டுட்டு அதுமேல வாயசைக்கப் போறாங்க" என்றாள் எஸ்தர். எந்தப் பாட்டு என்பதையும் நானே சொல்லவேண்டுமாம். உறைக்குள் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று உன் ஆள் எழுதியது, மற்றது என் ஆள் எழுதியது.

உன் ஆள், என் ஆள் என்றுதான் நமக்குள் பேச்சு. பாட்டு எழுதிய அந்த இரண்டு பழைய ஜெர்மன்காரர்களின் பெயரை நான் உச்சரிக்கிற அழகைக் கேட்டால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து சைக்கிளை என் கடை வாசலில் சாத்திவிட்டு நீ சொன்ன கதைகள்தான் எனக்குத் தெரிந்த சங்கீதம் எல்லாம்.

ஒரே வருடத்தில், ஒரே சீமையில் பிறந்தவர்கள். என் ஆள் ஊரைவிட்டுக் கிளம்பி, இத்தாலி பார்த்து, லண்டனில் போய்க் கடை விரித்தார். பாட்டு நாடகக் கம்பெனி நடத்தினார், கையைச் சுட்டுக்கொண்டார், மறுபடி நடத்தினார். அந்தச் சரக்கு இனி ஓடாது என்று தெரிந்ததும் வேதக் கதைகளை எடுத்துப் பெரிய கூட்டுப் பாட்டுகளாக்கி ஊரையே வளைத்தார். கல்யாணம் கிடையாது. கடைசிவரை தானே முதலாளி. ஐந்து முறை கடை மாற்றிய எனக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

உன் ஆள் சொந்தச் சீமையைத் தாண்டவே இல்லை. இரண்டு கல்யாணம், இருபது பிள்ளைகள், கோயில் வேலை, மேலதிகாரிகளோடு ஓயாத தகராறு. அத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு. வாராவாரம் டெலிவரி தவறாத சப்ளையர் என்று நான் மெச்சினேன். முப்பது வருடம் ஒரே லேத்தில் நின்ற உனக்கு அதில் ஒரு பெருமை.

பாட்டிலும் அப்படித்தான். "உன் ஆளு ஜனத்தைப் பாத்து எழுதுறான் மச்சான். என் ஆளு ஆரும் பாக்காத மூலையக்கூட பூசிட்டுத்தான் போவான்" என்பாய். நான் என் பைப் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். என் ஆள் மேல்தொட்டி வால்வைத் திறக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் ஓடவிட்டு, சரியான நேரத்தில் நாலு குரலையும் ஒன்றாகக் கொட்டுவார். கூட்டம் நனைந்துபோகும். உன் ஆள் நாலு லைன் போடுவார். நாலும் தனித்தனி வழி, ஒன்றை ஒன்று தாண்டி ஓடும், எங்கேயும் ஒழுகாது.

ஒரு தடவை என் ஆள் சொந்த ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு உன் ஆள் பார்க்கப் போனாராம். போய்ச் சேர்வதற்குள் என் ஆள் கிளம்பிவிட்டார். கடைசிவரை இருவரும் சந்திக்கவே இல்லை. சொல்லிட்டுப் போயிருக்கணும் என்றேன் நான். நீ டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "நாம ரெண்டு பேரும் ஒரே தெருவுல கீறோம். அவங்களுக்குக் கெடைக்கல பாரு."

பூந்தமல்லிக் கத்தோலிக்கனான என்னை உன் சபைக் கொயருக்கு இழுத்துப்போனதும் நீதான். லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரல் வீணாகக் கூடாது என்றாய். உன் ஆள் பாட்டில் குரல்கள் ஒவ்வொன்றாக நுழையவேண்டும். என் குரல் நாலாவது. அதுவரை இருபத்திரண்டு தாளக் கட்டம் எண்ணிக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். தொழிலில் முதலில் கடை திறப்பவன்தான் பிழைப்பான் என்று வளர்ந்தவன் நான். நான் பாடிய முதல் கிறிஸ்துமஸ் அன்று ஆறு கட்டம் முன்னாலேயே லாரி ஹாரன் மாதிரி நுழைந்தேன். மேல்குரல் பாடும் சோப்ரானோ பெண்கள் சிதறினார்கள். நீ ஆர்கனில் எதையோ வாசித்து மூடி மறைத்தாய். வெளியே வந்த போதகர், பேஸ் இன்று நல்ல உற்சாகம் என்று என் கையைக் குலுக்கினார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாய்.

அதற்கப்புறம் ஒன்பது கிறிஸ்துமஸ், என் ஆள் பாட்டுதான். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றாய். நானும் நம்பினேன். என் ஆள் ஜெயித்துவிட்டார் என்று உன்னிடமே பீற்றிக்கொண்டேன். உறையைத் திறந்த அன்றுதான் உறைத்தது. எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று நீ உன் ஆளை இந்த உறைக்குள் போட்டு வைத்திருந்தாய்.

எஸ்தரிடம் சொன்னேன்: இந்த வருடம் உன் ஆள்.

அவளுக்கே பயம். டிராக் யோசனையைக் கிளப்பிய பிரவீன், வெள்ளானூர் ஃபிளாட்டில் இருக்கும் திருநெல்வேலிப் பையன், கம்ப்யூட்டர் வேலை, கொயரில் டெனார் குரல், என் சரித்திரத்தை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். "அண்ணாச்சி, நீங்க நுழையுற எடத்துல நான் ஒரு கண்ணைக் காட்டவா?"

"கண்ணெல்லாம் வேணாம் நைனா. எண்ணிக்கிறேன்."

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. உன் இடத்தில் எஸ்தர் ஆர்கனில். முதல் குரல் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதாகப் பிரவீன் போனான். நான் சட்டைப் பைக்குள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் எப்போது நுழைவோம் என்ற அவசரத்தில் மற்ற மூவரும் பாடுவதை நான் கேட்டதே இல்லை மச்சான். அன்று கேட்டேன். மூன்று குரலும் மேலே எங்கெங்கோ சுற்றுகின்றன, அடியில் ஓர் இடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. எனக்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள். வியாபாரத்தில் எனக்கு எவன் அப்படி இடம் விட்டிருக்கிறான்? இருபத்திரண்டு முடிந்தது. நுழைந்தேன். பாட்டுக்கு அடியில் தரை வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எஸ்தர் ஆர்கனிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

வாழ்நாள் முழுக்க முந்திக்கொண்டே சம்பாதித்த நான், இப்போது கடையில் எதிராளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பேரம் நன்றாகவே படிகிறது. அதுவும் உன் கணக்கில்தான்.

ஆராதனை முடிந்து கேக் சாப்பிடும்போதே எஸ்தரோடும் பிரவீனோடும் பேசி முடித்துவிட்டேன். டிராக் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு உன் ஆள், ஈஸ்டருக்கு என் ஆள். ஒத்திகை சனிக்கிழமை மாலை ஐந்து மணி, முத்தாபுதுப்பேட்டையில் என் குடோனில், வாடகை இல்லை, டீயும் சமோசாவும் என் செலவு. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: நாலாவது குரல் நுழையும்வரை, இவன் முந்திவிடுவானோ என்று ஒருவரும் திரும்பி என் முகத்தைப் பார்க்கக் கூடாது.