பார்வை: ஞாயிற்றுக்கிழமை வாய்மொழி உத்தரவு

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். தாலுகா ஆபீஸ் வாசலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு டைப் அடித்தேன். மனு பதினொன்று. அதில் மறுபரிசீலனை ஏழு. (இனி ம.ப. கை வலிக்கிறது.)

பென்ஷன் தள்ளுபடியான பெரியவர் திரும்பவும்.

"மூணாவது தபா அலையறேன்மா. இன்னொண்ணு எழுது."

"புதுசா இன்னா கீது நைனா? பழசையே எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க."

"புதுசா வயசுதான் கீது."

ம.ப. என்றால் புதுக் காரணம் வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

வீட்டில் மகள் கல்பனா பேசவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நேற்று வேண்டாம் என்றேன். அதிலிருந்து இப்படி. சேர வெள்ளிக்கிழமை கடைசி.

நவ. 11, செவ்வாய்

மழை. வாங்க: ரிப்பன், இருமல் மருந்து, கருவாடு.

கல்பனா வாயைத் திறந்தாள். "இன்னொரு தபா யோசிமா."

"புதுசா இன்னா கீது?" என்றேன். பழக்கதோஷம். மனு எழுத வந்தவரிடம் கேட்கிற மாதிரியே. எழுந்து போய்விட்டாள். சாப்பிடவில்லை.

அவள் அப்பா கன்டெய்னர் மேலிருந்து விழுந்து ஒன்பது வருஷம். மூலக்கொத்தளம் இடுகாட்டில் கிடக்கிறார். அதே துறைமுக மதிலுக்குள் இவளையும் எப்படி அனுப்புவேன்? எனக்குப் பயம். வேறு காரணம் இல்லை.

நவ. 13, வியாழன்

டீ குடித்துவிட்டு வந்தால் மெஷின் மேல் ஒரு மனு. யாரோ வைத்துவிட்டுப் போனது என்று பிரித்தேன். கல்பனா கையெழுத்து.

பெறுநர்: அம்மா.
பொருள்: கிரேன் பயிற்சிக்கு அனுமதி மறுத்ததை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.
பார்வை: தங்களின் ஞாயிற்றுக்கிழமை வாய்மொழி உத்தரவு.
புதிய காரணம்: மறுக்கும் முன் பரிசீலனையே நடக்கவில்லை. தாங்கள் சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தீர்கள். மனுதாரர் பேசி முடிக்கவில்லை.

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. உண்மைதான், அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். மறுபடி பார்க்க, முதலில் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டுமே. இருபது வருஷமாக இந்த வார்த்தையை அடிக்கிறேன்.

சாயங்காலம் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். ஏணி, பெல்ட், கண்ணாடி அறை எல்லாம் காலண்டர் பின்னால் வரைந்து காட்டினாள். "அப்பா மாதிரி மேல நின்னுகினு வேல செய்றது இல்லமா. உள்ள ஒக்காந்துகினு ஓட்றது." முழுசாகக் கேட்டேன். பயம் அப்படியே இருக்கிறது.

நவ. 14, வெள்ளி

வெயில். டோல்கேட் கடையில் பச்சை மைப் பேனா ஒன்று வாங்கினேன். அதிகாரிகள் எழுதுகிற பச்சை. நான் தொட்டதே இல்லை.

பெரியவர் வந்திருந்தார். "மொதல்ல ஒன்ன கூப்ட்டு விசாரிச்சாங்களா நைனா?" "யாரும் இல்லமா." அதையே காரணமாக அடித்துக் கொடுத்தேன்.

கல்பனா பையோடு வந்து நின்றாள். "டைம் ஆவுதுமா."

அவள் மனு ஓரத்தில் பச்சையில் எழுதினேன்.

அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனை: தினமும் கீழே இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்.