வேலைநிறுத்தம் செய்யும் கட்டைவிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், உன் மகனின் வலது கட்டைவிரல் திங்கட்கிழமை முதல் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியிருக்கிறது. பக்கத்து விரல்கள் இரண்டும் ஆதரவு தெரிவித்து மரத்துக் கிடக்கின்றன. பயப்படாதே. நீயும் அப்பாவும் சுகம்தானே? இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல் என்று திட்டாதே.

நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியதில் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறதாம். பக்கத்துத் தெருவில் மசாஜ் செய்யும் அக்கா முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நீவிவிட்டார். "நான் பிடிச்சுவிட்டா மட்டும் போதாது தம்பி. ஒரு மாசம் டேப்பைத் தொடாதே. இல்லேன்னா ஆபரேஷன்தான்" என்றார்.

அவர் எழுதித் தந்த சீட்டை எங்கள் சூப்பர்வைசர் படிக்கக்கூட இல்லை. "நடிக்கிறதுக்கு வேற இடம் பாருடா!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். சீட்டை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான்! மனுஷனா அவன்? விட்டேனா? மேஜையைத் தட்டி, "உங்க கையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று கேட்டேன்.

பொத்தான் இல்லாத பனியன் இரண்டு அனுப்பு. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதற்குள் பஸ் போய்விடுகிறது. இங்கே போட்டுவிடச் சொல்லி யாரிடம் கேட்பது?

இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அம்மா, நான் மேஜையைத் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டேப்பை எடுத்தேன். போன மாதம் நன்றாயிருந்த கையில் பொய்க் கட்டுப் போட்டு, சூப்பர்வைசரிடம் இரண்டு நாள் லீவு வாங்கிப் பந்து விளையாடப் போனேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் என் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியது அவர்தான்.