சுவரை வைத்து நேராக்கிய படங்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ, உன் மனைவி, வாலுக்குட்டி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீள மின்னஞ்சல் என்று கேட்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்காகக் கட்டும் அறையின் ஜன்னல் கதையை ஆரம்பித்துவிடுவார். எழுதினால்தான் நான் சொல்வது உன்னிடம் முழுதாக வந்து சேரும்.

நீ அனுப்பிய ஸ்கேனர் உடையாமல் வந்தது. பிஸ்கட் டப்பாவில் கிடந்த நெகட்டிவ்களையும், ஒரு காலத்தில் அப்பா ஆசைப்பட்டு எடுத்த கொஞ்சம் ஸ்லைடுகளையும் எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் துடைக்கிறவளுக்கு இது பழகிய வேலைதான். மெல்லிய துணியால் துடைத்து, ரப்பர் பந்தால் காற்றடித்து, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி மூடியை மூட வேண்டியதுதான். ஒருநாள் அப்பா உதவுகிறேன் பேர்வழி என்று வாயால் ஊதி, பிலிம் முழுக்க எச்சிலைத் தெறிக்கவிட்டார். அதிலிருந்து அவருக்கு மேஜைப் பக்கமே தடை.

பெரும்பாலும் அந்தச் சுவர்ப் படங்கள்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பின்பக்கத் தாங்குசுவருக்கு வெள்ளையடிப்பார். அடித்து முடித்த கையோடு, துவைக்கிற கல்லின்மேல் கேமராவை வைத்து, டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து நம்மோடு நிற்பார். படத்தின் இடது ஓரத்தில் சுவரின் பக்கவாட்டு முழுதாகத் தெரிய வேண்டும், அதையொட்டி நாம். மேல்தெருவையே தாங்கி நிற்கிற சுவர், மேஸ்திரியானதும் அவர் தனியாகப் பொறுப்பேற்றுக் கட்டிய முதல் வேலை. அதனால் கையில் நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபடிதான் போஸ் கொடுப்பார், என் சுவர் எவ்வளவு நேர் பார் என்கிற மாதிரி. நாமெல்லாம் சும்மா கூட்டத்துக்கு. கதாநாயகன் சுவர்தான்.

கல் மேடுபள்ளம் என்பதால் எல்லாப் படமும் கொஞ்சம் சாய்வாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நேராக்கினேன். எதை வைத்து நேராக்குவது? அப்பா கட்டிய சுவரைவிட நேரானது நம் வீட்டில் வேறென்ன இருக்கிறது! சுவர் நெட்டுக்குத்தாக நிற்கும்வரை படத்தைத் திருப்பினேன். வேடிக்கை என்னவென்றால், சுவர் நேரானதும் நாம் கோணலாகிவிட்டோம். பஸ் திரும்பும்போது நிற்கிறவர்களைப் போல எல்லாரும் சுவரின் பக்கம் சாய்ந்திருக்கிறோம். வருஷம் ஏற ஏறச் சாய்வும் ஏறுகிறது. அம்மா இருந்திருந்தால், உங்கப்பா குடும்பமே கோணல்தான் என்று சிரித்திருப்பாள். இன்னொன்று, அப்பா கையிலிருந்து தொங்குகிற குண்டுக்கு நூலையே காணோம். அந்தரத்தில் நிற்கிறது. படங்களை இத்துடன் அனுப்புகிறேன், பார்.

புது அறை முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சுவரையே பின்சுவராக வைத்துத்தான் கட்டுகிறார். நீங்கள் மூன்று பேரும் நிரந்தரமாகவே வரப்போகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். சீக்கிரம் வந்து சேருங்கள்.

அன்புடன்,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்து, "தாத்தா மேஜிக் பண்றாரா?" என்று வாலுக்குட்டி கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்விதான் என்னை மறுபடி ஸ்கேனர் முன்னால் உட்கார வைத்தது. தூசியையும் கீறலையும் தானாகவே நீக்கும் வசதி அதில் இருக்கிறது; நான் அதை அணைக்காமல் விட்டிருந்தேன். மெல்லிய கோடாகத் தெரிந்த நூலைக் கீறல் என்று நினைத்து அது அழித்திருக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். நூல் வந்துவிட்டது. இந்தத் தடவை நூலை வைத்துப் படத்தை நேராக்கினேன்.

நூல் நேரானதும் நாமும் நேராகிவிட்டோம். அம்மா, நீ, நான், அப்பா எல்லாரும் ஒழுங்காகத்தான் நிற்கிறோம். கோணல் சுவர்தான். முதல் படத்தில் நூலுக்கும் சுவருக்கும் வித்தியாசமே இல்லை. நீ முதன்முதலாகப் பள்ளிச் சீருடையில் நிற்கிற படத்தில் கொஞ்சம். நீ அரும்பு மீசையோடு முறைக்கிற படத்தில், சுவரின் மேல்விளிம்பு உன் தலைக்கு நேரே வந்துவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன். சுவர் நம் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. நாம் அதற்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டே இருக்கிறோம்.

அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, உன் மிஷின்தான் கோணல் என்றார். சரி, இப்போது ஒரு தடவை குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்போம் என்றேன். அது எங்கே கிடக்கிறதோ, யார் கண்டது என்றார். அவர் கட்டிலுக்கு மேலே ஆணியில்தானே எப்போதும் மாட்டியிருக்கும். போய்ப் பார்த்தேன், ஆணி மட்டும் இருந்தது. காலையில் தூசி தட்டும்போதுகூட அது அங்கே இருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். பிந்தைய வருஷப் படங்களில் அவர் கையில் குண்டே இல்லை. வெள்ளையடிக்கிற பிரஷ்ஷைத்தான் தூக்கிப் பிடித்திருக்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே பார்த்துச் சொல்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு கட்டட என்ஜினியரைக் கூட்டிவந்தேன். அப்பா அவரை வாசற்படி தாண்ட விடவில்லை. "நான் இத கட்டும்போது இவர் பொறக்கவே இல்ல" என்று என்னிடம் கத்தினார். பாவம், அவர் மேல்தெருவுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சாலை ஓரத்தில் மண் பிளந்திருக்கிறதாம். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால், சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துவாரங்களைப் புது அறையின் பூச்சு அடைத்துவிட்டதாம். மழை பிடிப்பதற்குள் அந்த வீட்டைக் காலி செய்யுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். நகராட்சி அலுவலகத்திலும் சொல்லிவிட்டு வந்தேன். ஆள் அனுப்புகிறார்களாம், இதுவரை யாரும் வரவில்லை.

ரயில் டிக்கெட் மட்டும் இப்போது போடாதே. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. இன்னும் பலமாக இல்லை. கடைக்குப் போனாலும் கண் வானத்தில்தான் இருக்கிறது. நேற்று ஒருவருடைய கண்ணாடியில் இடது லென்ஸையும் வலது லென்ஸையும் மாற்றிப் பொருத்தி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புது அறையின் கதவு முந்தாநாள்வரை ஒழுங்காக மூடியது. இப்போது தாழ்ப்பாள் ஓட்டையில் விழ மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று சொல்லி அப்பா இழைப்புளியை எடுத்து இழைத்தார். இன்று காலை மறுபடி இடிக்கிறது. அது இரும்புக் கதவாக இருந்தாலும் ஊதிவிட்டது என்றுதான் சொல்வார்.

மத்தியானம் பொறுக்கமாட்டாமல் சண்டை போட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே, தெரிந்துதானே குண்டை ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. இழைத்த தூளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டே, "அந்த அறைய எதுக்குக் கட்டினேன்னு நெனச்ச? அதுதான் சுவருக்கு முட்டு. இனிமே அசையாது" என்றார். நீ வருகிறாய் என்று கட்டிய அறை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுவரைத் தாங்கத்தான் கட்டியிருக்கிறார். அதற்குள் உங்கள் மூன்று பேரையும் குடிவைக்க அவருக்கு எப்படி மனசு வந்தது என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகுதான் புரிந்தது, தன் கைவேலையை அவர் உண்மையாகவே நம்புகிறார். உன்மேல் பாசம் குறைந்ததால் அல்ல.

சாயங்காலம் தன் கட்டிலை அந்த அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பையன் வர்றதுக்கு முன்னாடி இந்த மழைக்கு நான் அதுல படுத்துப் பாத்துடறேன்" என்கிறார். கெஞ்சினேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை.

சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அவிழ்த்துவிடு. எப்போது வருவாய், எப்போது வருவாய் என்றே உனக்கு எழுதிப் பழகியவள் நான். வராதே என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வராதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்த உடனே அப்பாவுக்குப் போன் செய். சுவர் விழும், பயமாக இருக்கிறது என்றெல்லாம் பேசாதே, பிடிவாதம்தான் கூடும். உன் வீட்டில் சுவர் விரிசல் விட்டிருக்கிறது, இங்கே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் வந்து பார்த்தால்தான் ஆகும் என்று சொல். பயந்து ஒரு அடி நகர மாட்டார். வேலை என்று கூப்பிட்டால் தூக்குக்குண்டைத் தானே தேடி எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவர் வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு நானும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதுவரை என்னை மட்டும் வெளியே வா என்று சொல்லாதே. அவரை அந்த அறையில் விட்டுவிட்டு எனக்குப் போகத் தெரியாது.

எல்லாப் படங்களையும் இத்துடன் அனுப்பிவிட்டேன், உன்னிடம் ஒரு பிரதி இருக்கட்டும். வாலுக்குட்டிக்கு முதல் படத்தைக் காட்டு, அம்மா நன்றாகச் சிரிக்கிறாள்.

மழைச் சத்தம் கூடிவிட்டது. சீக்கிரம் கூப்பிடு. ஸ்பீக்கரில்தான் போடுவார், நானும் பக்கத்தில்தான் இருப்பேன். உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள். அங்கேயே இருங்கள்.

என்றும் உன்,
அக்கா