கண்ணாடி மேல் வைத்த பொட்டு

அண்ணி,

இன்று காலை பீரோவின் மேல்தட்டிலிருந்து உங்கள் கேமரா பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் வசம்பு வாசனை முகத்தில் அடித்தது. பூச்சி அண்டக் கூடாது என்று நீங்கள் போட்டு வைத்த துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. நம் இருவர் துணிமணியிலும் தலைமுடியிலும் பொம்மைக் கம்பெனியின் களிமண் வாடை எத்தனையோ வருடமாக ஏறிப்போயிருக்கிறது. இந்தப் பைக்குள் மட்டும் அது நுழைந்ததே இல்லை.

மே மாதம் வந்துவிட்டது. வழக்கம்போலச் சூளையைப் பழுது பார்க்க ஒரு வாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பூட்டும்போது எதிர் வீட்டம்மா கேட்டாள், "அண்ணி போய் ஆறு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள எங்க கெளம்பிட்ட?"

"அவங்க இருந்தா எங்க போவாங்களோ, அங்க," என்றேன்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

அண்ணன் இறந்த இரண்டாவது வருடம் பெரியக்கா மகளுக்குக் கல்யாணம் நடந்ததே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. மேடையில் குடும்பத்தை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வரிசையின் ஓரத்தில், என் பக்கத்தில் நின்றீர்கள். பெரியக்கா தலைப்பைச் சரிசெய்வதுபோல நெருங்கி வந்து உங்கள் காதருகே சொன்னாள்.

"நீ கொஞ்சம் கீழ எறங்கிக்கம்மா. மொத மொத எடுக்கற படம். தப்பா நெனச்சிக்காத."

நீங்கள் இறங்கினீர்கள். நானும் கூடவே இறங்கினேன். அழப்போகிறீர்கள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். நீங்கள் அழவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்.

"மல்லிகா, ஒங்க அண்ணன் கேமரா வூட்லதான இருக்குது?"

ஆட்டோ பிடித்துப் போனீர்கள். கடைசிப் பந்தி உட்காருவதற்குள் கழுத்தில் கேமராவோடு திரும்பி வந்தீர்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கூட்டாளியிடம் அண்ணன் வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா அது. அம்மிக் குழவி மாதிரி கனக்கும். அவர் போட்டிருந்த ரோல் பாதியில் நின்றிருந்தது. மீதிப் பாதியை நீங்கள் அன்றைக்கே முடித்தீர்கள். அண்டாவுக்குப் பின்னால் நின்று முகம் துடைக்கிற சமையல்காரர், இலை முன்னால் தூங்கிப்போன குழந்தை, செருப்பைத் தேடுகிற சம்பந்தி. எல்லாரும் பார்க்க, "அக்கா, இங்க பாருங்க!" என்று உரக்கக் கூப்பிட்டுப் பெரியக்காவையும் எடுத்தீர்கள். பழக்க தோஷத்தில் அவளும் சிரித்துவிட்டாள்.

"படத்துல நிக்கத்தான வேணாம்னாங்க. எடுக்க வேணாம்னு யாரும் சொல்லலியே," என்றீர்கள் என்னிடம்.

கடைத்தெரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கிய படங்களை வீட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பினீர்கள். முதல் பாதி அண்ணன் எடுத்தது. கொல்லையில் தலை துவட்டிக்கொண்டு நிற்கிற நீங்கள், பூ வைத்துக்கொண்டு கோபமாகப் பார்க்கிற நீங்கள். அடுத்த படத்திலிருந்து கல்யாண மண்டபம். இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து, "இங்க வுட்டாரு பாரு உங்க அண்ணன். இங்கேருந்து நானு," என்றீர்கள். அப்போதுதான் அழுதீர்கள். அழுது முடித்துவிட்டுப் புது ரோல் என்ன விலை என்று கேட்டீர்கள்.

அதற்கு முன்பே நீங்கள் என்னோடு கம்பெனிக்கு வர ஆரம்பித்திருந்தீர்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு நீங்கள் பிசிறு சீவுவீர்கள். சூளையிலிருந்து வந்தவற்றுக்கு நான் கண்ணும் புருவமும் பொட்டும் எழுதுவேன். அந்த மே மாதம் சூளை மூடியபோது, "பிச்சாவரம் போவலாமா?" என்று கேட்டீர்கள். கல்யாணமாகாத நாத்தனாரும் தாலியறுத்த அண்ணியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊர் சுற்றக் கிளம்பினால் தெரு என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். பேசியது. நாம் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினவர்கள் திரும்பி ஏறுவதற்குள் நீங்கள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தீர்கள். கேமராவின் லென்ஸ் கண்ணாடியில் முகம் பார்த்து, நெற்றியில் ஒன்றை அழுத்தி ஒட்டினீர்கள்.

"இன்னா அண்ணி இது?"

"பொட்டு. நாளெல்லாம் பொம்மைக்கு வெக்கிறியே, அதான்."

"யாராவது பாத்தா?"

"இந்த பஸ்ஸுல எவனுக்குத் தெரியும் நா யாரு பொண்டாட்டின்னு? நல்லாருக்குதா, அத மட்டும் சொல்லு."

நன்றாக இருந்தது. படகில் நான் உங்களை எடுத்த முதல் படத்தில் நெற்றி மட்டும் தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் ஆடிப்போயிற்று. திரும்பி வரும்போது அதே சேத்தியாத்தோப்பில் பொட்டைப் பிய்த்து முன் சீட்டின் முதுகில் ஒட்டினீர்கள். சில வருடங்கள் இப்படியே நடந்தது. போகும்போது வரும், திரும்பும்போது போகும்.

நாம் ஏற்காட்டுக்குப் போன வருடம் அது மாறியது. பூக்கண்காட்சிக் கூட்டத்தில் இரண்டு ரோல் தீர்த்துவிட்டு, சேலத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்தோம். நம் ஊர் ஜங்ஷன் நெருங்க நெருங்க நான் உங்கள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இறங்கி, கடைத்தெரு வழியாகப் பொட்டோடு நடந்தே வந்தீர்கள். வீட்டு வாசலில் பெரியக்கா நின்றிருந்தாள்.

"நெத்தியில இன்னா அது?"

"பொட்டுக்கா."

"எடு மொதல்ல."

"எடுக்கலக்கா. நாளைக்கும் இருக்கும். வேணும்னா வந்து பாருங்க."

அவள் மறுநாள் நிஜமாகவே வந்து பார்த்தாள். இருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்கள்கூடச் சோற்று டப்பாவைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நீங்கள் அவர்களையும் படம் எடுத்து, பிரதி போட்டு ஆளுக்கொன்று கொடுத்தீர்கள். டப்பாக்கள் மெல்லத் திரும்பி வந்தன.

போனஸ் பணத்தில் குட்டி டிஜிட்டல் கேமரா வாங்கினோம். பிறகு, திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த உங்கள் மகன் குமார் அங்கிருந்து புது ஃபோன் கொண்டுவந்து கொடுத்தான். அதில் உங்களை முதலில் எடுத்துக் காட்டியபோது நீங்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"இது யாருடா? என் கருப்பு எங்க போச்சு?"

"அது தானா அழகாக்கிடும்மா."

"யாரு கேட்டாங்க அழகாக்கச் சொல்லி? கன்னத்துல அம்மைத் தழும்பு இருந்துச்சே, அதையும் காணும். என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடு."

குமார் சிரித்துக்கொண்டே அதை நிறுத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து யார் கையில் ஃபோன் இருந்தாலும், "அந்தப் பவுடர் போடறத நிறுத்திட்டு எடு," என்பீர்கள். ஊர்களைப் புதுக் கேமராவில் எடுத்தோம். ஒருவரை ஒருவர் எடுக்கப் பழைய கேமராவைத்தான் வைத்துக்கொண்டோம்.

உங்களுக்குப் பிடித்த படமும் அதில் எடுத்ததுதான். திட்டக்குடி போய் வெலிங்டன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. ஓர் ஆடு வந்து நம் இட்லிப் பொட்டலத்தை இலையோடு இழுத்துக்கொண்டு ஓடியது. நீங்கள் துரத்தினீர்கள், முடியாமல் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். காற்றில் முடியெல்லாம் பறக்க, காதோரம் வைத்த கனகாம்பரம் தொங்க, நெற்றியில் அகலமான சிவப்புப் பொட்டு. பட்டனை அழுத்திவிட்டேன். அதைப் பெரிதாகப் போட்டு நீங்களே கூடத்தில் ஆணி அடித்து மாட்டினீர்கள்.

தை மாதத்தில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை, அண்ணி. எழுத வருவதை எழுதுகிறேன்.

காரியத்தன்று காலையில் சட்டம் போட்ட படத்தை ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார். அந்த வேலையைப் பெரியக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தாள். நான் காமாட்சி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். ஏரிக்கரையில் எடுத்த அதே படம். ஆனால் பின்னால் ஏரி இல்லை, வெறும் நீலம். காதோரம் பூ இல்லை. நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இருந்த இடத்தில் விபூதிக் கீற்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. அது அப்படியே இருந்தது.

"யாரு அழிக்கச் சொன்னது?" என்றேன்.

பெரியக்கா மெதுவாகத்தான் பேசினாள். "நாந்தான். நாலு பேரு வந்து வுழுந்து கும்புட்ற படம். இருந்தப்ப அவ இஷ்டத்துக்கு இருந்துட்டா. போவும்போதாவது மொறையா போவட்டும்."

நான் பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்தேன். மோதிர விரலால் தொட்டு, கண்ணாடி மேல், உங்கள் நெற்றி இருக்கிற இடத்தில் வைத்தேன். பொட்டு வைப்பது என் தொழில். பெரியக்கா எழுந்து வந்து, முந்தானையால் துடைத்தாள். கண்ணாடியில் சிவப்பாக இழுவிக்கொண்டது. நான் மறுபடி வைத்தேன். முன்னைவிடப் பெரிதாக.

"இன்னாடி, சபையில மரியாத வேணாமா?" என்று கத்தினாள்.

"நீ தொடச்சிக்கிட்டே இரு. நா வெச்சிக்கிட்டே இருக்கேன். குங்குமம் தீந்தா கடையில இருக்குது."

என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உங்கள் பக்கத்தில் நின்றபோதெல்லாம் பேசுவது உங்கள் வேலையாகவே இருந்ததால் எனக்கு இப்படியொரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது. பெரியக்கா மூன்றாம் முறை கையைக் கொண்டுபோனாள். அதுவரை சுவரோரம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த குமார் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்தான்.

"பெரியத்த, வுடுங்க. அது எங்கம்மா. எங்கம்மா இப்படித்தான் இருந்தாங்க."

அவள் விட்டாள். பாதிப் பேர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். மீதிப் பேர் வந்து பொட்டு வைத்த படத்தின் முன்னால்தான் விழுந்து கும்பிட்டார்கள்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். "அவங்க சொன்னாங்க, நா செஞ்சேங்க," என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு. ஃபிலிமைக் கொடுத்து, தழும்பு, பொட்டு, பூ, ஏரி, ஒன்றையும் தொடாமல் போடச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வாங்கி வந்தேன். அதுதான் இப்போது கூடத்தில் இருக்கிறது.

சும்மா விடுவார்களா? சித்திரையில் பெரியக்கா பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவள் செய்தால் வலிக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பொட்டை நான் வைக்காமல் விட்டிருந்தால் கூடத்தில் அந்த நீலப் படத்தோடு எப்படிக் குடியிருப்பேன்? பத்திரிகை வராத வீட்டில் இருந்துகொள்ளலாம்.

இந்த மடலைத் தரங்கம்பாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாம் வராத ஊர். மத்தியானம் வந்து சேர்ந்ததும் கோட்டைப் பக்கம் நடந்தேன். பழைய கேமராவில் அலையை எடுத்தேன், ஃபோனில் மீன் காய வைத்திருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். அவளிடம் காட்டியபோது, "அய்ய, எவ்ளோ கருப்பா இருக்கேன்," என்றாள். "நல்லாத்தான் இருக்கறீங்க," என்றேன். இன்னொன்று எடுக்கச் சொல்லி நிமிர்ந்து நின்றாள்.

சாயங்காலம் லாட்ஜுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும் வரலீங்களா?"

"வரலீங்க."

"ஒத்த லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க. ஓனரு ரூலு."

"ஆதார் கார்டு இருக்குது. பணம் இருக்குது. வேற இன்னா வேணும்?"

"அதுக்கில்லீங்க மேடம்..."

"அப்ப எதுக்குன்னு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். நான் வாசலுக்கு நேராக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒரு குடும்பம், என்னம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி காரணத்தைச் சொன்னேன். அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். அவர் இரண்டு தடவை ஓனருக்கு ஃபோன் போட்டார். உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அண்ணி. உங்களுக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. பயத்தோடுதான் அவ்வளவையும் செய்திருக்கிறீர்கள். உங்களிடமிருந்து இனி நான் எடுத்துப்போகிறது அதுதான். பயம் போகட்டும் என்று காத்திருக்காமல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது.

இருட்டத் தொடங்கும்போது அவர் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "எத்தன நாளுங்க?"

ஒரு நாளைக்கென்றுதான் வந்தேன்.

"மூணு நாளு," என்றேன்.