காய்ந்த கொடி பேசாது

அக்கா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் இனி யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. பெரியம்மாவுக்கு, உன்னைப் பெற்றவருக்கு, தெரியவே கூடாது.

என் தாயத்து இப்போது என் இடது கைக்குள் இருக்கிறது. சாயங்காலம் அம்மா குளிக்கப் போன நேரத்தில் சாமி மேடைக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளி கறுத்துப் போயிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் திருநீறும் பழைய மஞ்சளும் கலந்த வாசனை. உள்ளே நான் பிறந்தபோது விழுந்த தொப்புள்கொடி காய்ந்து கிடக்கிறது. குலுக்கினால் ஒற்றை அரிசி உருளுவதுபோல் சத்தம் வருகிறது.

நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்கு இதைத் திறந்து, உரைத்து, தேனில் குழைத்து எனக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

நேற்று அம்மா அடுப்பு வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். மறுமுனையில் நியாலாஸ் ஊரிலிருந்து பெரியம்மா. பேச்சு என்னைப் பற்றித்தான்.

"தர்ஷி மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குக்கா. சாப்பாட்டுத் தட்டு முன்னாலயே தூங்கி விழுறா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவட்டா?"

"போனா என்னா சொல்லுவாங்க? எம் புள்ளைக்குச் சொன்னதத்தான் சொல்லுவாங்க. உள்ள போனவ திரும்பி வந்தாளா?" பெரியம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு, "அவ கொடி இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்குக்கா."

"வெள்ளிக்கெழம குடுத்துரு. நான் லேட்டாக்கிட்டேன்மா. மொதல்லயே குடுத்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அழுதார். நான் ஹாலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், அக்கா. என் கால்களைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்றாலே இந்த வீட்டில் உன் நாள். நீ ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி மலாக்காவில் இறங்கி, குருபோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குமேல் நியாலாஸ் போக பஸ் கிடைக்காது. மறுநாள் அப்பா காரில் கொண்டுபோய் விடும்வரை என் அறையின் இரண்டாவது கட்டில் உனக்கு. உன் சட்டையில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அந்த வாசனை வாசலுக்கு வந்ததுமே அம்மாவின் குரலும் வந்துவிடும்.

"யாரு வூட்டுப் புள்ளையோட கொடியோ! அதத் தொட்டுட்டு அப்படியே சாமி மேட பக்கமா வருவியா? பின்னால போயி தண்ணி ஊத்திக்கிட்டு வா."

"கையொற போட்டுத்தான் சித்தி தொடுறேன்."

"தீட்டுக்குக் கையொற தெரியுமா? போ லா."

நீ சிரித்துக்கொண்டே பின்பக்கக் குழாயடிக்குப் போவாய். அங்கிருந்தே கத்துவாய். "வாரா வாரம் எனக்குப் பிரசவத் தீட்டு சித்தி! புள்ளதான் இன்னும் பொறக்கல!" அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அம்மா சிரிக்காமல் இருக்கப் படாதபாடு படுவார்.

அந்தக் குழாயடியில் உனக்கென்று வைத்த சோப்பை அம்மா இன்னும் எடுக்கவில்லை. மழை பட்டு வெடித்துப் போய்க் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நாங்கள் மூவருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம். யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

அந்தக் கொடியை வைத்து என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். குழந்தை பிறந்தபிறகு குப்பைக்குப் போக வேண்டியதைத் தாய்மார்கள் கையெழுத்துப் போட்டு ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள் என்றாய். கொடிக்குள் ஓடும் ரத்தக்குழாயைக் கழுவி, அதன் உட்சுவரில் இருக்கும் செல்களை எடுத்து வளர்ப்பதாகச் சொன்னாய். நான் உடனே ஓடிப்போய் என் தாயத்தை எடுத்து வந்து காட்டினேன். நீ அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாய்.

"இது கருவாடா ஆயிருச்சுடி."

"கருவாடா?"

"ஆமா. செல்லு உயிரோட இருந்தாத்தான் பக்கத்துல இருக்குறவன்கிட்டப் பேசும். காஞ்சது பேசாது."

சமையலறையிலிருந்து அம்மா, "அத அப்படிப் பேசாத. உசுரு போற நேரத்துல அதான் மருந்து. எங்கம்மா சொல்லிருக்காங்க," என்றார். நீ தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். எனக்கு மட்டும் தெரியும்படி மூக்கைச் சுளித்தாய்.

பள்ளி விடுமுறையில் உன் ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் என் இமைதான் முதலில் தெரிந்தது. பிறகு மெதுவாகத் தெளிந்தது. நடைபாதையில் கல் பதித்ததுபோல் நெருக்கமாகச் சேர்ந்து கிடந்தவை ரத்தக்குழாய் செல்கள். அவற்றின் மேல் உருண்டை உருண்டையாக, கண்ணாடி மணிபோல் ஒட்டியிருந்தவை ரத்தப் புற்றுநோய் செல்கள்.

"இதுங்கள தனியா வச்சு மருந்து ஊத்துனா செத்துரும். இவ பக்கத்துல இருந்தா, அதே மருந்த ஊத்துனாலும் கொஞ்சம் பொழச்சுக்குது. இவ என்னமோ சொல்லிக் குடுக்குறா."

"யாரு? கொடி செல்லா? அது நல்ல செல்லுதானே?"

"நல்லவதான். அவளுக்குத் தெரியாது யாருகிட்டப் பேசுறோம்னு. அவன் வந்து எனக்குப் பாதை போட்டுக் குடுன்னு சைகை காட்டுறான். இவ போட்டுக் குடுக்குறா. பயப்படாத, சாவாத, இங்கயே இருன்னு திருப்பிச் சைகை காட்டுறா. அந்தச் சைகை எது, எந்த வழியா போவுதுன்னு கண்டுபுடிச்சா நடுவுல புகுந்து மறிச்சிரலாம்."

"என்னா சைகை?"

"தெரிஞ்சா நான் ஏன் லா இங்க உக்காந்து குளுருல சாவுறேன்?"

அந்த உருண்டைச் செல்கள் யாருடையவை என்று கேட்டேன். எப்போதோ இறந்துபோன ஒருவருடையவை என்றாய். ஆள் போய்விட்டார், செல் மட்டும் கிண்ணத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறது.  பேயா என்று கேட்டேன்.

"பேய்க்கு யாரு சோறு ஊட்டுறா? இதுக்கு நான்தான் வந்து ஊட்டணும், தீவாளியா இருந்தாலும்."

கிளம்பும்போது வாசலில் நின்று, இந்த நோய் ஒட்டிக்கொள்ளுமா என்று மெல்லக் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "ஒட்டாது. அடுத்தவங்க செல்லு உள்ள போனா உன் ஒடம்பே அடிச்சுத் தொரத்திரும். நம்பு," என்றாய்.

நம்பினேன். பிறகு உனக்கே வந்தது.

உறவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். அதையே தொட்டுத் தொட்டு வேலை செய்தாள், ஒட்டிக்கொண்டது என்றார்கள். அலோர் காஜாவிலிருந்து வந்த மாமா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரக்கூடப் பயந்தார். நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "உக்காருங்க மாமா, நாற்காலி கடிக்காது," என்றாய். அவர் போனபிறகு என்னிடம், "ஊர்ல அத்தன வீடு இருக்கு. தெரிஞ்சவ வீடுன்னு அந்தச் செல்லுங்க எங்கிட்டயே வந்துருச்சுங்கடி," என்று சிரிக்கப் பார்த்தாய். உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை.

வார்டில் சூடாகச் சமைத்ததைத் தவிர வேறு எதையும் உனக்குக் கொடுக்கக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். கிருமியோடு சண்டை போட உன் ரத்தத்தில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பகலில்தான் பெரியம்மா உன் தாயத்தைத் திறந்து, உரைத்து, தேனோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். விரலால் வழித்து உன் வாயருகே நீட்டினார். 

அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று அந்த அறையிலேயே உனக்குத்தான் தெரியும். நீ அந்த விரலைப் பார்த்தாய். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாய். பிறகு வாயைத் திறந்தாய்.

பெரியம்மா முகம் கழுவப் போனதும் நான் உன்மேல் கோபப்பட்டேன். "ஏன் முழுங்குன? நீதானே காஞ்சது பேசாதுன்னு சொன்ன?"

"எங்கம்மா அவ்ளோ நாளா தூங்கல, தர்ஷி. இன்னிக்குத் தூங்குவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாய். "ஆனா நீ முழுங்காத. உனக்கு ஏதாவதுன்னா ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. மொத நாளே சொல்லு. காட்டிரு. மறைக்காத."

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். உன் எலும்பு மஜ்ஜையில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக. உறைய வைத்திருக்கிறார்கள், ஒருநாள் யாராவது எடுத்துச் சோறு ஊட்டுவார்கள் என்று. "அம்மாகிட்டச் சொல்லிராத. காரியம் முடிஞ்சும் நான் போவலன்னு பொலம்பிக்கிட்டே இருப்பாங்க."

பிறகு காய்ச்சல் வந்தது. எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். தேன் கிண்ணத்தைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழவில்லை. கருமாதி முடிந்தது. உன் துணிகளை எரித்தார்கள். எனக்கு அறிவியல் பிரிவு கிடைத்திருந்தும் அம்மா பள்ளிக்கு வந்து கணக்கியலுக்கு மாற்றிவிட்டார். அந்தப் படிப்பின் பேச்சே வீட்டில் வேண்டாம் என்றார்.

இப்போது என் கால்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத் தடங்கள். எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை. ஒன்று மஞ்சளாகி மறையும்போது வேறொன்று வருகிறது. பல் துலக்கினால் நுரை சிவக்கிறது. பள்ளிக்கு மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் வேண்டும் என்று கேட்டேன், கணுக்கால்வரை மூடும் என்பதற்காக. "என்னாடி திடீர்னு? பாவாட நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டார். தோழிகள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றேன். அம்மா சந்தோஷமாக பசாருக்குப் போய் வாங்கி வந்தார். இடுப்பு அளவு பார்த்து, "எளச்சுட்டடி," என்று மட்டும் சொன்னார்.

வேறு ஏதாவதாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், என்னவென்றே இல்லாமலும் இருக்கலாம். பகலில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். படுத்தால் நினைக்க முடிவதில்லை. எனக்குள் அந்தக் கல் பதித்த பாதை நீண்டுகொண்டே போவது தெரிகிறது. யாரோ ஒருவன் வந்து நிற்கிறான். நல்லவள் ஒருத்தி, அவன் யாரென்று தெரியாமல், பயப்படாதே, இங்கேயே இரு என்கிறாள். உன் கட்டில் பக்கம் ஸ்பிரிட் வாசனை வருகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒட்டாது என்று நீ சொன்னது உண்மைதானே? நீதானே சொன்னாய்? திரும்பவும் சொல்லேன்.

நீ முழுமையாகப் போகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான். எங்கேயோ குளிரில் உன்னுடைய ஒரு துளி இருக்கிறது. யாரோ ஒருநாள் அதை எடுத்து, பெயர் தெரியாத ஒரு குழந்தையின் கொடியிலிருந்து வந்த செல்களோடு வைப்பார்கள். அவை பேசும். ஒருவேளை அந்தச் சைகை அப்போது பிடிபடலாம். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. நினைக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன், அக்கா. நீ கேட்ட இன்னொன்றைத்தான் இத்தனை நாளாகச் செய்யவில்லை. காட்டிரு என்றாய். காட்டினால் அம்மா உடனே தேன் பாட்டிலைத் தேடுவார். விரலால் வழித்து நீட்டுவார். அந்த விரலைப் பார்த்து வாயைத் திறக்காமல் இருக்க எனக்குத் தைரியம் உண்டா? உன்னாலேயே முடியவில்லையே. தாயத்தை ஒளித்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் தாயத்தை ஒளித்தால் கால்கள் சரியாகிவிடுமா?

கதவைத் தட்டுகிறார்கள்.

"தர்ஷி? டப்பாவுல தாயத்தக் காணோம்டி. நீ எடுத்தியா?"

அம்மா.

"கண்ணு... ஒன் தலகாணியில ரத்தம் பாத்தேன் காலையில. ஒண்ணும் சொல்ல மாட்டேன். கதவத் தொறடா."

அக்கா, நான் அரைக்கால் சட்டைதான் போட்டிருக்கிறேன். விளக்கு எரிகிறது. எல்லாம் தெரியும். போர்வை கட்டிலில் கிடக்கிறது, அதை எடுக்காமலே எழுந்து கதவைத் திறக்க