இறக்கைக் கம்பி

பெப்ரவரி 8, சனி. வெள்ளவத்தை.

அண்ணா இரண்டு வருடமாகச் செய்த ரேடியோ ரிமோட்டில் பறக்கும் கிளைடர் விமானத்தை இன்று மாலை மொட்டைமாடியில் பூட்டினார். உருக்குக் கம்பியைச் செருகி இறக்கைகளை இணைத்ததும் பத்தடி அகலத்துக்கு விரிந்தது. பறக்கவிட முதல் தூரம் சோதிக்கவேண்டுமாம். அன்ரெனா வைத்த ரிமோட்டுடன் பின்னால் நடந்து, வால் அசைகிறதா என்று பார்த்தார்.

அண்ணாவை 'மல்லி', தம்பி, என்று சிங்களத்தில் கூப்பிடும் எதிர்வீட்டு அன்ரி சிரித்தபடி என்னிடம் கேட்டார்: "மல்லி வயர்லஸில யாரோட கதைக்கிறார்?"

நானும் சிரித்தேன். போன மாதம் அடுத்த ஒழுங்கையில் ஒரு பழைய ரேடியோவுக்காகப் பொலிஸ் பிடித்துப்போன பெடியன் இன்னும் திரும்பவில்லை. அண்ணா விடிய ஹெந்தளைக்குக் கிளைடரைப் பறக்கவிடக் கொண்டுபோகிறார். வழியெல்லாம் செக்பொயின்ற்.

அவர் குளிக்கும்போது கம்பியை எடுத்து என் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தேன்.

சற்றுமுன் கதவடியில் வந்து நின்றார். "தங்கச்சி, அந்தக் கம்பியைக் கண்டனியே?"

"இல்லை அண்ணா."

"சரி விடு. அதுக்குப் பதிலாக் கூட்டுற தும்புத்தடியை வெட்டிப் போடுறன்."

இறக்கைக்கு மரத்தடி போட்டால் காற்றில் முறியும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். முறிந்தால் கீழே நிற்பவர்களின் தலையில் விழும்.

தும்புத்தடியை வாள் அறுக்கும் சத்தம் கேட்கிறது. கம்பியைக் கொடுத்துவிட்டு, நானும் வருகிறேன் என்று சொல்லவேண்டும். செக்பொயின்றில் கதைக்க அவருக்குச் சிங்களம் வராது.